அத்தையின் மறுதேர்வு

என் அத்தை குடும்ப மருத்துவர். சளியோ, கால்வலியோ, தூக்கம் வராத தொல்லையோ, எங்கள் தெருக்காரர்கள் முதலில் ஏறுவது அவளுடைய கிளினிக் படியைத்தான். வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே அவருக்கு என்னவென்று பாதி கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புதிதாக வந்த விதிப்படி அவள் தொழிலில் சில வருடங்களுக்கு ஒருமுறை டாக்டர்களுக்கே தேர்வு உண்டு. அனுமதி தரும் நோயாளிகளைப் பார்க்கும்போது படமெடுத்து அனுப்ப வேண்டும். தேர்வாளர்கள் அதைப் பார்த்து மதிப்பிடுவார்கள். அறுபதை நெருங்கும் வயதில் அத்தை அதில் தோற்றாள். “மருத்துவத்தில் குறையில்லை. நோயாளியைப் பேச விடுவதில்லை” என்று முடிவு வந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால், வேறொரு டாக்டரின் மேற்பார்வையில்தான் வேலை பார்க்கலாம்.

“பூட்டிட்டு வீட்ல உட்கார்ந்துடுவேன். இந்த வயசுல இன்னொருத்தர் கண்ணு முன்னாடி கைகட்டி நிக்க என்னால ஆகாது” என்றாள்.

பல நாடுகள் சுற்றிவிட்டு அப்போதுதான் நான் அவள் வீட்டு மாடியறையில் வந்து தங்கியிருந்தேன். “மலையையும் கடலையும் புடிச்ச கேமராவுல என்னையும் புடிடி” என்று வேலை வைத்துவிட்டாள்.

முதல் வேலையாக, தோற்ற படத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தோம். மாமாவும் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவராக இருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, கைகால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் தேறவில்லை. வார்த்தை வரும். ஆனால் ஒவ்வொன்றையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக் கொண்டுவர வேண்டும்.

படத்தில் ஓர் அம்மாள், “ரெண்டு நாளா தலை…” என்று தொடங்கினாள்.

“சுத்துதா? எழுந்திருக்கும்போதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?” என்றாள் அத்தை.

“ஆமாங்க. ஆமாங்க.”

மாமா சிரித்தார். அவருடைய சிரிப்புக்கு மட்டும் வாதம் எதுவும் வரவில்லை.

“என்ன சிரிப்பு?” என்றாள் அத்தை.

“நா… நா…”

“நான் அவசரக்காரின்னு சொல்றீங்க. அதானே?”

மாமா மேஜையைத் தட்டினார். அத்தை மீண்டும் வாயைத் திறந்தாள். “அத்தை, அவரை முடிக்க விடுங்க” என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். மாமா கழுத்து நரம்பு புடைக்க முயன்றார்.

“நானும்… ஆமா… ஆமான்னுதான்… சொல்றேன்.”

அத்தை படத்தை நிறுத்தினாள். ஊரெல்லாம் பக்கவாதக்காரர்களின் வீட்டாரிடம், “அவங்களா பேசி முடிக்கட்டும், நீங்க எடுத்துக் குடுக்காதீங்க” என்று சொல்லும் டாக்டர் அவள். ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் கேலி செய்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. மாமா திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் முந்திக்கொண்டு பேசப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம் அவளோடு கிளினிக்குக்கும் போய்விட்டது.

மறுநாளிலிருந்து மாலையில் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, “சொல்லுங்க” என்பாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். முதலில் வெளியே வந்தது ஒரு புகார்.

“இந்த… ஜன்னல்… வேணாம். வெயில்.”

“நாலு வருஷமா உங்களுக்குப் புடிக்கும்னு இங்கயே உட்கார வச்சிருக்கேனே!”

“கேட்… கேட்டியா?”

நானும் அத்தையும் நாற்காலியைத் தூக்கி எதிர்ச் சுவரோரம் போட்டோம்.

மறுபடியும் படமெடுத்த நாளில் பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் தோள்வலி என்று வந்தார். கேமராவை ஓடவிட்டு நான் வெளியே போய்விட்டேன். அவருடைய அனுமதியோடு பிறகுதான் பார்த்தேன்.

“கை மேல தூக்க முடியல டாக்டர்” என்று சொல்லி நிறுத்திவிட்டார். அத்தையின் உதடு துடித்தது. கேட்க வேண்டிய கேள்வி நுனிநாக்கில் நின்றது. கேட்கவில்லை. அவர் சாவிக்கொத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வெளியே நர்ஸ், “ஒரு தோள்வலிக்கு இவ்வளவு நேரமா?” என்று யாரிடமோ சொன்னது படத்தில் கேட்டது.

“கண்ணும் மங்கலாத் தெரியுது” என்றார் ஓட்டுநர். “சொன்னா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. பசங்கள ஏத்திக்கிட்டுப் போறேன் டாக்டர். பயமா இருக்கு.”

அத்தை அவருடைய விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தாள். எகிறியிருந்தது. தோளும் கண்ணும் அதனாலேயே கெட்டிருக்கலாம் என்று விளக்கினாள். கண் டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். வைத்தியம் பார்த்தால் திரும்ப ஓட்ட வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னாள். அவர் அழுதபோது தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

முடிவு தொலைபேசியில் வந்தது. கேட்டுவிட்டு மாமாவின் முன்னால் வந்து நின்றாள்.

“என்னங்க… நான்…” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நான்… பா…”

“பாஸ்” என்றார் மாமா, ஒரே மூச்சில்.

“முந்திரிக்கொட்டை! சொல்ல விட்டீங்களா?” என்று அத்தை அவர் தோளில் அடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.