நோய்க்காக விதைத்த காடு

குண்டடத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, அதில் நோயை வளர்த்தேன். மக்காச்சோளத்துக்கு வரும் அடிச்சாம்பல் நோய். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சாணம் பூக்கும். செடி வெளிறிப்போய்க் கதிர் பிடிக்காமல் நிற்கும். அதைத் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் முதலில் நோய் வர வேண்டும். அதற்காகவே, சீக்கிரம் நோய் பிடிக்கும் சோளத்தை மூன்று வாரம் முன்னதாக ஓரங்களில் விதைத்தேன், அங்கிருந்து நோய் நடுவுக்குப் பரவட்டும் என்று. நடுவில், ஆறு வருஷமாகக் கையால் மகரந்தம் தூவி நான் உண்டாக்கிய நாற்பது வகை. எது சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்க்க நான் வேலை பார்த்த விதைக் கம்பெனி கொடுத்த கடைசிப் போகம் அது.

இதைக் காட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் காடு தரமாட்டார். "சோள ஆராய்ச்சிங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்தப் புத்திக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்தால், ஓரத்துச் செடிகளைக் காணோம். பிடுங்கி வரப்பில் குவித்திருந்தது. நடுவில் இருந்த பயிரெல்லாம் மருந்து வாடை.

"என்னங்ணா பண்ணுனீங்க?"

"பயப்படாதீங்க தம்பி, நானே ஆள் உட்டு மருந்தடிச்சுட்டேன். புள்ளைக்கு மாப்ள ஊட்டுக்காரங்க காடு பாக்க வர்றாங்க. ரோட்டோரமா இப்பிடி வெளுத்துக் கெடந்தா என்ன நெனைப்பாங்க? கம்பெனியில ஒரு பீஸ்ல கறை இருந்தாலே நான் ரிஜெக்ட் பண்ணிருவேனுங்க."

"நோய் வரோணும்னேதானுங்க அதை வச்சேன்."

ஏற இறங்கப் பார்த்தார். "நோய் வரோணும்னு வெள்ளாமை பண்ற ஆளை இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்" என்று சிரித்தார். நான் நன்றி சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார்.

நாற்பதும் பச்சைப்பசேலென்று வளர்ந்தன. மருந்தடித்த இந்தப் போகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆபீசுக்கு எழுதினேன். மேனேஜர் போன் செய்தார். "ஒண்ணுக்குக்கூட நோய் வரலை, அப்புறம் எதுக்குங்க பொலம்பறீங்க? பெரிய கதிராப் பாத்து ஒண்ணை எடுங்க." நான் மாட்டேன் என்றேன். வேறு ஆளை அனுப்பி எடுத்துக்கொண்டார்கள். மிச்ச விதையையும் வாரிக்கொண்டு போனார்கள். நாற்பதில் ஒன்று நிஜமாகவே தாங்கக்கூடியதாக இருந்திருக்கலாம். எது என்று இனி யாருக்கும் தெரியாது.

இப்போது அந்த விதை, 'நோய் தாங்கும்' என்று அச்சடித்த பையில் கடைக்கு வந்துவிட்டது. போன வாரம் நான் கடையில் நின்றபோது ஒரு விவசாயி அதைக் கையில் எடுத்தார். வாங்காதீங்க என்றேன்.

"அப்ப எதைத்தானுங்க வாங்கறது?"

"நாப்பதுல ஏதோ ஒண்ணுங்க" என்றேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.