ட்ரெயிலர் வீட்டில் பால் காய்ச்சிய நாள்

மெல்பேர்ன் புறநகரான பொயிண்ட் குக்கில் என் மகள் வாங்கிய வீட்டில் இன்று பால் காய்ச்சினோம். பால் வழிந்து அடுப்பில் கருகிய மணம் என்னை எழுபதுகளின் மெல்பேர்னுக்கு, என் ஏழு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது நாங்கள் வாடகை ஃபிளாட்டில் இருந்தோம். அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட வேண்டும். கொண்டுவந்த சூட்கேசை அவர் முழுதாகப் பிரிக்கவே இல்லை. அப்பாவோ இராணுவம் கழித்துவிட்ட பச்சை ட்ரெயிலர் ஒன்றை வாங்கினார். லொறியின் முதுகில் ஏற்றும் பழைய கேம்பர் கூட்டை அதன்மேல் வைத்து, எட்டு போல்ட் போட்டு இறுக்கினார். உள்ளே கட்டிலும், ஓர் அடுப்போடு கையகலக் குசினியும் இருந்தன. எங்கும் கிரீஸ் மணம்.

"இந்த நாட்டில எங்கட முதல் வீடு. பாலைக் காய்ச்சும்," என்றார் அப்பா.

"கிழக்குப் பக்கம் பொங்கினால் இருப்பம். இல்லாட்டி டிக்கெட் எடுங்கோ," என்றார் அம்மா.

அவர் சேலை மாற்றப் போன நேரத்தில், அப்பா ட்ரெயிலரின் மேற்குச் சில்லை ஜாக்கியால் உயர்த்தி அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினார். பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினார். வீடே கிழக்கே சாய்ந்து நின்றது. பாலுக்கு வேறு வழியில்லை.

ஐம்பது வருடமாக நான் காத்த இரகசியம் அது. அப்பாவும் இப்போது இல்லை. இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கதிரையில் இருந்த அம்மா பாயசத்தை மெல்லக் குடித்து முடித்தார்.

"கட்டையைக் கண்டிட்டுத்தான் உள்ள ஏறினனான்," என்றார். "அதுதான், கிழக்கால வழியட்டுமெண்டு சட்டி முட்டப் பால் விட்டனான்."