சின்னத்தையின் முளைப்பாரி

வீட்டில் ஓர் ஆள் காணாமல் போனது ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக என் அம்மா ஒரு முளைப்பாரி போட்டாள். போடச் சொன்னது அப்பா.

காணாமல் போனது அப்பாவின் தங்கை, என் சின்னத்தை. முப்பது வயதைத் தாண்டியும் புத்தி குழந்தையாகவே நின்றுவிட்டது. கையில் எப்போதும் ஒரு மரச்சீப்பு இருக்கும். அம்மாவைக் கண்டால் அதை நீட்டுவாள், தலை வாரிவிட வேண்டும். ரயில் என்றால் உயிர். ஆனி மாதம் ஒரு மத்தியானம், அம்மா நெல் அவித்துக்கொண்டிருந்தபோது வீட்டை விட்டு நழுவினாள். கல்லல் ஸ்டேஷனில் அவள் மானாமதுரை வண்டியில் ஏறியதைப் பார்த்ததாக அங்கே கடை வைத்திருந்தவர் அப்பாவிடம் சொன்னார்.

அப்பா மானாமதுரை வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"யாருட்டயாச்சும் கேட்டீகளா?" என்றாள் அம்மா.

"கேட்டா விசயம் பரவாதா? ஆவணியில மக கல்யாணத்த வச்சுக்கிட்டு, வீட்டுப் பொம்பளயக் காணோம்னு தமுக்கடிக்கச் சொல்றியா?"

அந்த மகள் நான்தான். சாக்கோட்டையில் பேசி முடித்திருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? கல்யாணத்தையே கேட்டு வைக்கவில்லை, இதையா கேட்கப் போகிறார்கள்! போலீசுக்கும் போகவில்லை. சின்னத்தை, அம்மா பிறந்த ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தோம்.

ஆடி வந்தது. எங்கள் ஊரில் அம்மனுக்குப் பெண்கள் ஆளுக்கொரு முளைப்பாரி போடுவோம். சட்டியில் எருவைப் பரப்பிப் பயறு விதைத்து, இருட்டறையில் வளர்த்து, கடைசி நாள் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைப்போம். சின்னத்தை பேருக்குச் சட்டி இல்லையென்றால் ஊர்க்கண் முதலில் அங்கேதான் விழும். ஆள் வெளியூரில் இருந்தால் வீட்டார் போடலாம் என்பதால் அம்மா போட்டாள்.

பாழாய்ப்போன அந்தப் பயறு எல்லாச் சட்டியையும் விட உயரமாக வளர்ந்தது. "ஒன் நாத்துனா பாரிதான்டி இந்த வருசம் ஒசத்தி! அங்குட்டு நல்லாத்தான் இருக்கா போல" என்றார்கள் பெண்கள். அம்மா விடிந்ததும் அந்தச் சட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். சின்னத்தையைப் பற்றி அவளுக்குக் கிடைத்த ஒரே தகவல் அதுதான்.

கடைசி நாள் சாயங்காலம் நான் என்னுடையதைக் கரைத்தேன். அம்மா தன்னுடையதைக் கரைத்தாள். சின்னத்தையின் சட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"கரைச்சுட்டு ஏறி வாடி" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

"மாட்டேன். இவளக் கரைக்க மாட்டேன். எங்குட்டோ தொலஞ்சு போயிட்டா ஆத்தா! நாங்க தேடவே இல்ல!"

குலவை நின்றுவிட்டது. கரையில் நின்ற அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

சாக்கோட்டைக்குச் செய்தி எட்ட எத்தனை நேரம் ஆகும்? மறுநாளே மாப்பிள்ளையின் தாயார் வந்து இறங்கினார். கல்யாணம் போச்சு என்று அப்பா தலைகுனிந்து நின்றார். அந்த அம்மாள் நேரே உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்தார்.

"எங் கொழுந்தன் மலேயாவுல இருக்காருன்னு சொன்னோம்ல? அவரு எந்த மலேயாவுக்கும் போகல. புத்தி தடுமாறி ஒரு நா நடந்து போனவருதான். வெளிய தெரிஞ்சா பையனுக்கு யாரு பொண்ணு குடுப்பாகன்னு நாங்களும் தேடல" என்று சொல்லி அழுதார்.

அன்றைக்கே அப்பா கிளம்பினார். இந்தத் தடவை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, கண்டவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். சிவகங்கையில் பூ விற்ற பெண் ஒருத்தி சொன்னாளாம்: "ஆமா, கொஞ்ச நாளு இங்கனதான் கெடந்துச்சு. வார போற பொம்பளககிட்டயெல்லாம் சீப்ப நீட்டும். தேடி யாரும் வரலையே! அப்புறம் எங்குட்டுப் போச்சுன்னு தெரியல."

அப்பா வந்து இதைச் சொன்னபோது, அம்மா கரைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தச் சட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்குத் தலை வாரிப் பூ வைக்க அம்மா வரவே இல்லை.