மெழுகுக் கை வாங்கப் போன நாள்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்தில் காலையில் அம்மாவுக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவது என் வேலை. தூங்கி எழுந்ததும் அம்மாவுக்கு விரல்கள் மடங்காது. கால் மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்தால்தான் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியும். முடக்குவாதம் என்று சொன்னார்கள். எனக்கோ எல்லா அம்மாக்களும் காலையில் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைப்பு. எதிர்வீட்டுக்காரி விடிந்ததும் விடியாததுமாகப் படபடவென்று துணி துவைப்பதைப் பார்க்கும்போது, அவள் ஏதோ விசேஷமான பெண்பிள்ளை போலிருக்கிறது என்று தோன்றும்.

அம்மா காக்ஸ் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இட்லி சாப்பிட்ட கையோடு ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை விழுங்குவாள். பத்து மணிக்கெல்லாம் விரல்கள் இளகிவிடும். சாக்பீஸைப் பிடித்துக் கோடு போட்ட மாதிரி எழுதுவாள். மூன்று வருஷமாக அம்மாவை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அந்த மாத்திரைதான். அது ஸ்டீராய்டு என்பதும், சும்மா உதவி செய்கிற ஜாதி இல்லை அது என்பதும் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் முகம் மாதாமாதம் உருண்டுகொண்டே வந்தது. பிள்ளைகள் அவளுக்கு ‘பன் டீச்சர்’ என்று பேர் வைத்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் டாக்டரம்மா, இனிமேல் இந்த மாத்திரையில் காலம் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். “நோடி டீச்சர், இங்க பாருங்க, வலி கம்மியா இருக்குன்னு நீங்க நெனைக்கறீங்க. உள்ள எலும்பு கரைஞ்சிட்டு இருக்கு. சர்க்கரையும் ஏறுது. வேற மருந்துக்கு மாறித்தான் ஆகணும்.”

வேறு மருந்தென்றால் என்னவெல்லாம் என்று அப்பா கேட்டார். மஞ்சள் நிறத்தில் ஒரு மாத்திரை இருந்தது. அதை ஏற்கெனவே சாப்பிட்டு அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போய் நிறுத்தியிருந்தார்கள். அடுத்தது தங்க ஊசி. நிஜமாகவே தங்கத்தின் சத்து கலந்த ஊசியாம். இதைக் கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார்.

“எங்கப்பனும் தாத்தனும் பூமிக்குள்ள போயி தோண்டித் தோண்டிக் குடுத்தாங்க டாக்டர். வீட்டுக்குக் குண்டுமணி வரல. இப்ப ஊசியிலயா வருது?”

டாக்டரம்மாவும் சிரித்தார். ஆனால் அந்த ஊசி எப்போதும் கிடைப்பதில்லை, சிறுநீரகத்துக்கும் ஆகாமல் போகலாம் என்று சொல்லி அதைத் தள்ளிவைத்தார். மிச்சமிருந்தது ஒன்றுதான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை. மாதம் ஒரு தடவை ரத்தம் சோதிக்க வேண்டும். கொஞ்ச நாளில் வெள்ளை மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம். விரல் மூட்டுகள் கோணாமல் காப்பாற்ற அதைவிட்டால் வேறு வழியில்லை என்றார். அதற்கு மேல் பேசுவதற்கு முன்னால் என்னை வெளியே போய் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

அவர் அப்போது சொன்னதை நான் பெரியவளான பிறகு அம்மா வாயாலேயே கேட்டேன். வாரமாத்திரை சாப்பிடுகிற வரைக்கும் அம்மா கர்ப்பமாகக் கூடாது. ஆனால் அதை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால், பழைய மாத்திரையையே குறைந்த அளவில் சாப்பிட்டுக்கொண்டு முதலில் குழந்தையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை கை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது முடிந்திருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்து, மாதா திருவிழா முடிந்து வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்.

யோசிக்கும் வேலை வீட்டில் சத்தமில்லாமல் நடந்தது. சத்தம் போட்டவள் நான் ஒருத்திதான். எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம். என்னைத் தவிர எல்லாருக்கும் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்கள். சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் ஆளுக்கொரு வேண்டுதலைச் சொல்ல வேண்டும். நான் தினமும் ஒரே வேண்டுதலைத்தான் சொன்னேன். “மாதாவே, எனக்கு ஒரு தம்பி குடு.” அப்பா ஆமென் சொல்வார். அம்மா சொன்னாளா என்று நான் கவனித்ததில்லை.

செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. அம்மா மாதாவுக்கு வேண்டிக்கொண்டு கட்டுகிற காவிப் புடவையைக் கட்டிக்கொண்டு என்னை அழைத்துப் போனாள். கூட்டம் நெரிந்தது. சுவரோரமாக ஒரு மேடையைப் பிடித்து அம்மா உட்கார்ந்துவிட்டாள். முட்டி வீங்கியிருந்தது. பத்தடி தள்ளி மெழுகுக் கடை. உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை மெழுகில் வாங்கி மாதாவிடம் வைப்பது வழக்கம். அம்மா முந்தானை முடிச்சை என்னையே அவிழ்க்கச் சொல்லி, காசை எடுக்க வைத்தாள்.

“ஒரு கை வாங்கிட்டு வா. வலது கைன்னு கேளு.”

கடையில் கைகள் விறகுக்கட்டு மாதிரி குவிந்து கிடந்தன. கால், கண், இதயம், சின்னதாக வீடுகூட இருந்தது. ஓரத்தில் வரிசையாகக் குழந்தைகள் படுத்திருந்தன. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். மடக்கின கால், மொட்டைத் தலை. கடைக்காரி, “இன்னா வேணும் பாப்பா, சீக்கிரம் சொல்லு” என்றாள். நான் யோசித்த யோசனை இன்றைக்கும் எனக்கு வரி பிசகாமல் ஞாபகமிருக்கிறது. கைக்கு டாக்டரம்மா இருக்கிறார், மாத்திரை இருக்கிறது. தம்பிக்கு மாதாவை விட்டால் யாரும் இல்லை. ஒன்றுக்குத்தான் காசு. நான் குழந்தையைக் காட்டினேன்.

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். தலையில் ஒரு குட்டு விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். குட்டவில்லை.

“கை இல்லியா?”

“தீந்துபோச்சும்மா.”

அந்தக் குவியல் அங்கிருந்தே தெரியும். அம்மாவுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அவள் கடைப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கையிலிருந்ததைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து எழுந்து, வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, அந்தக் குழந்தையைக் கொண்டுபோய் மாதாவின் காலடியில் வைத்தாள். அவள் உதடு அசைந்ததே தவிர என்ன வேண்டினாள் என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். என்னை வெளியே அனுப்புவதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள்.

“பழைய மாத்திரையே இருக்கட்டும் டாக்டர். ஒரு வருஷம் பாக்கறோம்.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “டீச்சர், கை?” என்றார் டாக்டரம்மா. அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்குப் பேச இடம் கிடைத்தது. “தம்பி வரப்போறான் டாக்டர். மாதாகிட்ட வெச்சுட்டு வந்துட்டோம்” என்றேன். அவர் சீட்டை இழுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஒரு வருஷம் என்றது இரண்டாயிற்று. நடுவில் ஒரு தடவை அம்மா ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள். காய்ச்சல் என்றார்கள். மூன்று மாதக் கரு கலைந்தது என்று எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று. தம்பி வரவில்லை. கடைசியில் வாரமாத்திரைக்கு மாறினாள். நோய் அடங்கியது, முகம் பழையபடி வற்றியது. வலது கை விரல்கள் மட்டும் அதற்குள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அவை நிமிரவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவதற்கு வகுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டாள். அவளுக்கே ஆசை இருந்ததா, இல்லை என் பொய்க்குக் கட்டுப்பட்டாளா என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா சீட்டைக் கொடுத்ததும் வெளியே வந்தோம். அப்பா ஸ்கூட்டர் எடுக்கப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் வலது கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் குதித்துக் குதித்து இறங்கினேன். ஒவ்வொரு குதிக்கும் அவள் மூச்சைப் பிடித்து விட்டாள். கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை. அம்மாவும் என்னைப் போலவே சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.