கல் பொறுக்கிய கம்பு

குடும்பத்துக்கும் விதைக்கும் போக மிஞ்சிய தானியத்தை விவசாயிகள் சர்க்காருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது போர்க்காலச் சட்டம். அதை நிறைவேற்றும் உத்தியோகஸ்தனாகத் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் களமொன்றில் நின்றபோதுதான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். நெடிய, ஒல்லியான உருவம். வெயிலில் கறுத்த முகம். எங்களுக்குச் சேர வேண்டிய கம்பை முறம் முறமாகப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

எடை கூடுவதற்காக மண்ணைக் கலந்தவர்களையே பார்த்துப் பழகிய எனக்குச் சந்தேகம் வந்தது.

“எதுக்கும்மா இவ்வளவு நேரம்? புடைச்சா எடை குறையுமே?”

“கொறஞ்சா எங்க பங்குல இருந்து போடறேனுங்க. இது எங்கீங்க போவுது?”

“சூரமங்கலம் ரேஷன் கடைக்கு.”

“அங்கயும் கொழந்தைக கூழு குடிக்குமல்லங்க? கல்லக் கடிச்சுப் பாக்க, சட்டம் போட்ட சாமிகளுக்குப் பல்லே இல்லீங்களாட்ட இருக்குது!”

களத்து ஆட்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. எடை குறைந்தது. அடுத்த அறுப்பு வரை தாங்காது என்று சற்றுமுன் அவர் கணவர் என்னிடம் மன்றாடிய வீட்டுக் குவியலிலிருந்து இரண்டு முறம் அள்ளிப் போட்டார். சட்டம் பறித்துக்கொள்ளும் தானியத்தைத் தம் பிள்ளைகளுக்கு உலை வைப்பவர்போல் துப்புரவாக்கியிருந்தார். நான் எடையைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன்.

சூரமங்கலத்தில் அந்த மூட்டையைப் பிரித்தபோதும் அங்கிருந்தேன். வரிசையில் முதலில் நின்ற பெண், பழக்கத்தால் ஒரு கைப்பிடி கம்பை விரலால் துழாவினாள். கல் அகப்படவில்லை. வியப்புடன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். யாருடைய கை அது என்று சொல்ல வாயெடுத்தேன். என் பதிவேட்டில் இருந்ததோ அவர் கணவரின் பெயர்தான்.