ரப்பர் வளையத்தில் தேங்காய் எண்ணெய்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. டென்னிஸ் பந்துகள் கொஞ்ச நாளிலேயே உள்காற்று குறைந்து துள்ளாமல் போய்விடும். அதனால் அவற்றை உள்ளே வைத்துக் காற்றடித்து மூடும் டப்பா ஒன்றைப் புதிதாக வாங்கினோம்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு திறந்தால் உள்ளே காற்றே இல்லை. பந்துகள் மண்ணாங்கட்டி மாதிரி கிடந்தன. விளையாட்டு அறையைக் கவனிக்கும் ஆயிஷாவை மாணவிகள் முன்னாலேயே திட்டினேன்.

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"நான் தொடவே இல்ல டீச்சர்."

அவள் டப்பாவில் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினாள். மூடியோரம் குமிழி குமிழியாக வந்தது.

"காத்து அங்கனதான் போவுது, பாருங்க."

மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். அது ஊறி உப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூடி இறுக்கமாக இருக்கிறதென்று அந்த வளையத்தில் தேங்காய் எண்ணெய் தடவியது நான்தான்; எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது.

"மட்டமான ரப்பரைப் போட்டிருக்கான் டீச்சர்" என்றாள், மாணவிகள் காதில் விழும்படி.

பழைய சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் பொருத்தினாள். மறுநாள் காலையில் திறந்தபோது புஸ்ஸென்று காற்று சீறியது. அதன்பிறகுதான் எனக்கு வாய் வந்தது. எண்ணெய் தடவியது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஆயிஷா வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "உங்க தலையெண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா டீச்சர்" என்றாள், திரும்பாமலே.

திட்டியவளுக்காக ஒருத்தி அவ்வளவு சட்டென்று பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.