சுடாத தார்ச்சாலை

புது ரப்பரின் வாசனை பட்டால் நான் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பிய அந்தத் தை மாதத்தில், அம்மாவின் பைக்குள் துண்டுக்கும் மாற்றுச் சேலைக்கும் அடியில் ஒளிந்திருந்த செருப்பின் வாசனை அது. சர்க்கரை நோய்க்காரியான அம்மா வெறுங்காலோடு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகும் நான் தேற வேண்டுமென்று, மாலை போட்டு நடந்து வருவதாக அம்மா முருகனுக்கு நேர்ந்திருந்தாள்.

கூட்டத்தை அழைத்துப் போவது அப்பாவின் அண்ணன், மளிகைக்கடைக்காரப் பெரியப்பா. கிளம்புமுன் எல்லாருடைய பையையும் கடைத் தராசில் வைத்து, வேண்டாதது என்று தோன்றுவதை அவரே எடுத்து வெளியே போடுவார். இதற்கு "சொமை கொறைக்கது" என்று பெயர். அத்தையின் முறுக்கு டப்பா போனது. அடுத்து அம்மாவின் செருப்பு வெளியே வந்தது.

"மாலை போட்டவளுக்குச் செருப்பு என்னத்துக்கு? வீண் சொமை."

"டாக்டர் சொல்லிருக்காரு, பெரியப்பா."

"ஏளா, நாலெழுத்து படிச்ச ஒடனே முருகனுக்கே மருந்து எழுதிக் குடுக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என் கையைக் கிள்ளி, "பேசாம இரி" என்றாள். செருப்பு அரிசி மூட்டைமேல் கிடக்க, நாங்கள் நடந்தோம்.

உச்சி வெயிலில், உப்பளங்களுக்கு நடுவே தார் சூடேறிக் கிடந்த சாலையில், நாங்களெல்லாம் ஓரத்து மண்ணுக்குத் தாவித் தாவி ஓட, அம்மா மட்டும் நடுவில் நிதானமாக நடந்தாள்.

"சுடலியா மைனி?" என்றாள் அத்தை.

"ஒண்ணும் தெரியலியே!"

"பாத்தியளா, முருகன் தாங்குதான்!" என்று பெரியப்பா கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டு பேர் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

சூடு தெரியாதது அருளால் அல்ல, சர்க்கரையில் நரம்பு செத்துப்போனதால் என்று, உள்ளங்கால் புண் அழுகிய பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பரீட்சை முடிவு வந்த வாரத்தில், அம்மாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான் தேறியிருந்தேன். "முருகன் குடுத்த மார்க்கு" என்று பெரியப்பா லட்டு கொடுத்தார். அது நான் படித்து வாங்கிய மார்க்கு. லட்டை நான் தொடவில்லை.

இப்போது பெரியப்பாவுக்கும் சர்க்கரை. இந்த வருட யாத்திரைக்கு, "கனமில்லாத ஷூவா பாத்து எடு தாயி, நீ படிச்ச பிள்ளை" என்று என்னைக் கடைக்கு அழைத்துப் போனார்.

"மாலை போட்டவங்க போடலாமா, பெரியப்பா?"

"இப்பல்லாம் சாமி ஒண்ணும் சொல்லாதுளா."

இருந்ததிலேயே இலேசானதை எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். "அன்னைக்கு எனக்கு முருகனே தாங்குனாம்லா, அத்தான்" என்றாள் பெரியப்பாவிடம் பெருமையாக. அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பெருமையையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. விரல்கள் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.